கதவில் செருகிய செய்தித்தாள்கள்

ஒசாகா நகரில் வெளிநாட்டவருக்கு ஜப்பானிய மொழி கற்பித்துவந்தார் நிஷியோ. அவருக்கு வயது முப்பத்து நான்கு. மாணவர்களில் மூத்தவர் திருமாறன்; ஐம்பத்திரண்டு வயது, தூத்துக்குடிக்காரர். ஜப்பானியர்களைப் பற்றித் தமிழில் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் கேட்டார்.

"சென்செய், ஜப்பானியர்கள் தனிமை விரும்பிகள்தானே? பக்கத்து வீட்டுப் பெரியவரை இரண்டு நாளாகக் காணோம். செய்தித்தாள்கள் கதவிலேயே செருகிக் கிடக்கின்றன. தொந்தரவு செய்யக்கூடாது என்று நான் தட்டவில்லை. இதைப் புத்தகத்தில் சேர்க்கலாமா?"

நிஷியோ பையைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டார். திருமாறன் பின்னால் ஓடி வழி சொன்னார்.

அந்தக் கதவைத் தட்டினார் நிஷியோ. சத்தமில்லை. செய்தித்தாள்களை உருவி எறிந்துவிட்டு, கதவுத் துளையில் வாய்வைத்துக் கூப்பிட்டார். உள்ளே யாரோ முனகினார்கள்.

ஆம்புலன்ஸ் வந்தது. பெரியவர் சமையலறைத் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் திருமாறனைப் பார்த்ததும் பெரியவர் சொன்னார்:

"நீங்கள் நடமாடுவது சுவர்வழியே கேட்டது. கூப்பிட்டுப் பார்த்தேன். குரல் எழும்பவில்லை."

திருமாறனால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, 'ஜப்பானியர்கள் தனிமை விரும்பிகள்' என்று எழுதிவைத்ததைக் கிழித்தார். 'யாராவது கதவைத் தட்டமாட்டார்களா என்று ஏங்குகிறவர்கள் ஜப்பானியர்கள்' என்று புதிதாக எழுதினார். எழுதியதோடு விடவில்லை. மறுபக்கத்து வீட்டுக் கதவைத் தினமும் மத்தியானம் தட்டி நலம் விசாரித்தார்.

மூன்றாம் நாள் அந்த வீட்டுப் பெண் தலை கலைந்து, கண் சிவந்து வந்து நின்றார்.

"ராத்திரியெல்லாம் லாரி ஓட்டுகிறேன். பகலில்தான் தூக்கம். தயவுசெய்து தட்டாதீர்கள்!"

திருமாறன் நேராக நிஷியோவிடம் போனார்.

"இரண்டு தடவையும் தப்பாகிவிட்டது, சென்செய். இவர்களில் யார் உண்மையான ஜப்பானியர்?"

நிஷியோ சிரித்தார்.

"நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். அப்படி ஒருவரை இதுவரை சந்தித்ததில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பவர் பெயர் மொரிதா. அங்கே சாப்பாட்டில் காரமே இல்லையாம், திட்டிக்கொண்டிருக்கிறார். லாரி ஓட்டுகிறவர் பெயர் எனக்குத் தெரியாது. நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்."

திருமாறன் உடனே எழுந்தார்.

"இப்போது வேண்டாம்," என்றார் நிஷியோ. "அவர் தூங்கி எழட்டும்."