கல்யாணக் காருக்குப் பந்தய கேம்ஷாஃப்ட்

என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். ஊரார் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள்.

தம்பி மகனின் மாப்பிள்ளை அழைப்புக்கு என் பழைய கார்தான் என்று எல்லாரிடமும் பீற்றியிருந்தேன். இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்த பட்டறைக்குப் பந்தயக் காரின் கேம்ஷாஃப்ட் ஒன்றை, அதாவது இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை, தூக்கிக்கொண்டு போனேன்.

"இதைத்தான் மாட்டணும். கார் பறக்கணும்!"

மேஸ்திரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண்ணெண்ணெயில் சாமான் கழுவிக்கொண்டிருந்த பூவாத்தா கேட்டாள்: "ஊர்வலத்துல காரு மேளக்காரங்களுக்குப் பின்னாடிதானுங்களே வரும்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இது வேகமாப் போனாத்தானுங்க இழுக்கும். நடை வேகத்துல இன்ஜின் நின்னுபோயிரும். மேளக்காரங்களை ஓடிக்கிட்டே வாசிக்கச் சொல்லிருங்க."

பட்டறையே சிரித்தது. "கழுவுற வேலையைப் பாரு!" என்று கத்திவிட்டு, அதையே மாட்ட வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து மண்டபம் போய்ச் சேர்வதற்குள் கார் ஏழு முறை நின்றது. கடைசியில் மாப்பிள்ளையே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினான். மேளக்காரர்கள் எங்களுக்காக நின்று நின்று வாசித்தார்கள்.

மறுநாள் தலையைக் குனிந்தபடி பட்டறைக்குப் போனேன். என் பழைய கேம்ஷாஃப்ட் எண்ணெய் தடவி, துணியில் சுற்றித் தயாராக இருந்தது. அதில் கட்டியிருந்த சீட்டில் போன வாரத்துத் தேதி. அதன் கீழே பூவாத்தாவின் கையெழுத்து:

"திங்கக்கிழமை வருவாரு."