சுண்ணாம்புக் கோடு

"அழிடா அந்தக் கோட்டை! என் மண்ணுல சுண்ணாம்பு போட உனக்கு எவன்டா சொன்னான்?" தோப்புக்காரர் ராமசுப்பு கத்தினார்.

கோடு போட்டவன் பேச்சிமுத்து, ஊருக்குத் தண்ணி திறந்துவிடுகிறவன். ரோட்டில் லாரி மோதி ஒரு பிள்ளைக்குக் கால் போனபிறகுதான், தோப்பு வேலிக்கு வெளியே பள்ளிக்கூடத்துக்கு நடைபாதை போட ஊர் முடிவு செய்தது. அதுக்கும் இந்த மனுசனுக்கு வயிறு எரியுது!

"வேலிக்கு வெளியேயும் உங்க மண்ணா, மொதலாளி?"

"ஓடை வரைக்கும் என்னுதுதான்டா!"

பேச்சிமுத்து சத்தம் கேட்டுக் கூடியிருந்த கூட்டத்துப் பக்கம் திரும்பினான். "செல்லக்கனி மதினி, தோப்புக்குள்ள காட்டுப்பன்னி வராம இருக்க வச்ச கரண்டுக் கம்பியில உங்க பசு செத்தது இந்த இடத்துலதான? 'அது புறம்போக்கு, எவன் கம்பி கட்டுனானோ'ன்னு அன்னைக்கு இவரு கைய விரிச்சாரே. இப்ப மண்ணுக்காரர் கெடச்சிட்டாரு. வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்."

ராமசுப்பு வேலிப் பக்கம் பின்வாங்கினார். "புறம்போக்குதான்டா... யாரு இல்லன்னா?"

அப்புறம் என்ன, புறம்போக்கில் பாதை போட இவரை எதுக்குக் கேட்கணும்?

அவர் போனதும் ஊர்த்தலைவர் மெதுவாக வந்தார். "பெரிய மனுசன்டா. மரியாதைக்காவது கோட்டை இன்னைக்கு அழிச்சிரு. நாளைக்குப் போட்டுக்கலாம்."

பேச்சிமுத்து மிச்சச் சுண்ணாம்பையும் அதே கோட்டின்மேல் கொட்டினான். அழிக்கவில்லை.