செசிலியின் மூன்று மூக்குகள்

சூசை பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலையில் இறந்தான். முப்பதாம் நாள் காலைப் பூசை முடிந்ததும், மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில் அவன் வரைந்த பதினேழு படங்களை ஊருக்குக் காட்டுவது என்று முடிவானது. அவன் உயிரோடு இருந்தபோது ஒரு படத்தைக்கூட நின்று பார்க்காதவர்கள் முதல் வரிசையில் நாற்காலி கேட்டார்கள்.

படங்களை மாட்டும் வேலை கித்தேரியானுடையது. அவன் ஊரில் படம் சொல்லித்தரும் மாஸ்டரிடம் பதினோரு வருஷமாகப் பழகுகிறவன். சூசை மூன்று வருஷம்தான் பழகினான்.

மாஸ்டரிடம் சேருகிறவர்கள் முதல் நாளே ரப்பரைக் கொடுத்துவிட வேண்டும். தப்பான கோடு தாளில் அப்படியே இருக்கும். சரியான கோட்டை அதன் பக்கத்தில் போட வேண்டும்.

பூசை நடந்துகொண்டிருந்தது. கித்தேரியான் மாஸ்டரைக் கூடத்துக்குள் அழைத்தான்.

"மாஸ்டர், ஒரு காரியம் செஞ்சிட்டேன். அது சரியா தப்பான்னு நீங்கதான் சொல்லணும்."

"சொல்லு."

"செசிலி அக்கா படத்துல கிடந்த தப்புக் கோடு எல்லாத்தையும் நேத்து அழிச்சிட்டேன்."

செசிலி, சூசையின் தாய். அவளை வரைந்தபோது மூக்கு மூன்று தடவை தப்பாகிப்போனது. நான்காவதுதான் அமைந்தது. தப்பான மூன்றும் அதன் பக்கத்திலேயே நின்றன.

"ரப்பர் ஏது?"

"கடையில வாங்கினேன்."

"எதுக்கு?"

"பெரிய மனுஷங்க வர்றாங்க. செத்தவனோட தப்பை ஊர் பார்க்க வேண்டாம்னு நினைச்சேன். அவனுக்கு ஒரு மரியாதை."

"மத்த பதினாறு படத்துலயும் தப்பு கிடக்கு. அதுக்கெல்லாம் மரியாதை இல்லையா?"

கித்தேரியானின் கண் செசிலியின் படத்துக்குப் போனது. பதினேழில் சிறந்தது அந்தப் படம்தான்.

"இப்ப இது யார் போட்ட படம் மாதிரி இருக்கு?"

"நான் போட்டது மாதிரி."

இரண்டு வருஷத்துக்கு முன் கித்தேரியானின் படம் ஒன்றைப் பார்த்து, "அண்ணே, இஸ்திரி போட்ட சட்டை ஜோராத்தான் இருக்கு. உள்ள ஆளத்தான் காணோம்" என்றான் சூசை. எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள். கித்தேரியானுக்கு அது என்ன கிழமை என்பதுகூட நினைவிருந்தது.

மணி அடித்தது. பூசை முடிந்து கூட்டம் வந்தது. செசிலி யாரையும் பார்க்காமல் தன் படத்துக்கு முன் போய் நின்றாள்.

"என் மூக்கு எங்கய்யா?"

"இருக்கே அக்கா" என்றான் கித்தேரியான்.

"இது இல்ல. மத்த மூணு." அவள் தாளை நெருங்கிப் பார்த்தாள். "மூக்கு தப்பாப் போறப்பல்லாம் 'ஆடாதம்மா'ன்னு திட்டுவான். அவன் திட்டத் திட்ட எனக்குச் சிரிப்பு. சிரிச்சா ஆடாம என்ன செய்யும்? அன்னிக்குச் சோறு குழைஞ்சே போச்சு."

பிறகு சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. யாரோ போட்ட மாதிரி இருக்கு. யாரு அழிச்சா?"

கித்தேரியான் ஆணிப் பெட்டியை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான்.

மாஸ்டர் படத்தைக் கழற்றினார். அது வெறும் அட்டையில் ஒட்டியது, கண்ணாடி கிடையாது. கிழக்கு ஜன்னலுக்கு எடுத்துப்போய், இளவெயில் தாள்மேல் படிந்து ஓடும்படி சாய்த்துப் பிடித்தார்.

சூசை கை அழுத்தி வரைகிறவன். கரி போயிருந்தது, பென்சில் கீறிய தடம் போகவில்லை. வெயிலில் மூன்று மூக்கும் மெல்லிய பள்ளங்களாகத் தெரிந்தன.

செசிலி ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

"இந்தா, திட்டுறான்" என்றாள்.

கித்தேரியான் மாஸ்டரின் காதருகே குனிந்தான்.

"தடத்து மேலயே பென்சிலால போட்டுடட்டுமா மாஸ்டர்?"

"அதுவும் உன் கோடாத்தான் இருக்கும்."

"வேற என்னதான் செய்யட்டும்?"

"இந்த ஜன்னல் ஓரத்துல ஆணி அடி."

"வெயில் ஏறிட்டா தடம் தெரியாதே."

மாஸ்டர் படத்தை அவன் கையில் கொடுத்தார்.

"யாரு அழிச்சான்னு அதுக்குள்ள அந்த அம்மாகிட்ட சொல்லிடு."