கவ்விப் பிடிக்கிற ஷூ

“எந்த ஷூவைப் போட்டாலும் லொடலொடன்னு இருக்கு. இதை எப்படித்தான் பார்த்து எடுக்கிறது?” என்று சலித்துக்கொண்டார் மாசிலாமணி.

கேட்டது ஜெசிந்தாவிடம். அந்தச் சர்க்கரை நோய் ஆஸ்பத்திரியில் காலணி அறை அவள் பொறுப்பு. வயது முப்பதுகூட இல்லை. இவரோ பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியாச்சு. வயசா முக்கியம்? தெரியாதவர்தானே கேட்கணும்.

போன வருஷம் அவருடைய இடது கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். தினமும் நடங்க, நல்ல ஷூ போட்டு நடங்க என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். இன்னொரு புண் வந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவருமாம்.

ஜெசிந்தா அவரைச் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தாள். காலையில் அளவெடுத்தால் அது தூங்கி எழுந்த காலின் அளவு. பகலெல்லாம் நடந்து வீங்கின காலுக்குத்தான் ஷூ வேண்டும்.

ஒன்பதாம் நம்பரை எடுத்துக் கொடுத்தாள். குதிகால் பக்கம் கெட்டியான ஷூ. விரல் மடங்குகிற இடத்தில் மட்டும் வளைந்தது. போட்டுப் பார்த்தால் முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருந்தது.

“லூசு,” என்றார்.

எட்டு.

“இதுவும் லூசு.”

ஏழு. மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைத் திணித்தார். முகம் மலர்ந்துவிட்டது மனுஷனுக்கு.

“இது ஷூ. எப்படிக் கவ்விப் பிடிக்குது பாரும்மா. போட்டிருக்கோம்னு காலுக்குத் தெரியணும்ல?”

அவர் அளவு ஒன்பதுதான் என்று தெரிந்த ஜெசிந்தா, அவருடைய இடது காலைக் காட்டிக் கேட்டாள்.

“அந்த விரல் எப்படிப் போச்சு சார்?”

“செருப்புக்குள்ள கண்ணாடிச் சில்லு. அதோடயே மைதானத்தை நாலு ரவுண்டு சுத்தியிருக்கேன். தரையெல்லாம் ரத்தம்னு வீட்டுக்காரி கத்தினப்பதான் எனக்கே தெரியும்.”

“வலிக்கலையா?”

“துளிகூட இல்லை.” அதில் அவருக்குப் பெருமை வேறு. “முப்பது வருஷம் ஓடுற பஸ்ல நின்ன காலும்மா. எதையும் தாங்கும்.”

இப்படிப் பெருமை பேசினவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்களில் சிலர் அடுத்த முறை ஒற்றைக் காலுக்கு ஷூ கேட்டு வந்தார்கள்.

“ஷூவைக் கழற்றுங்க. வலது காலை என் மடியில வைங்க.”

“ஐயையோ, பொம்பளப் பிள்ளை மடியில காலை வைக்கிறதா? பாவம்மா.”

“இது என் வேலை சார். வைங்க.”

கூச்சத்தோடு வைத்தார்.

“கண்ணை மூடிக்குங்க. நான் உள்ளங்கால்ல தொடுறப்பல்லாம் ‘ம்’னு சொல்லுங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். காதைக்கூடத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். யாரும் போகவில்லை போலிருக்கிறது, திரும்பவும் கூப்பிட்டார்கள்.

“சும்மா தொடும்மா,” என்றார் சிரித்துக்கொண்டே. “இன்னும் எவ்வளவு நேரம்?”

கண்ணைத் திறக்காமலேயே தலையை அவள் பக்கம் சாய்த்தார்.

“ஆரம்பிச்சுட்டியா இல்லையா?”

“கண்ணைத் திறங்க சார்.”

திறந்தார். அவள் கையில் மூடி கழற்றிய பேனா இருந்தது. மறு கையால் ஒரு சின்னக் கண்ணாடியை அவருடைய காலுக்கு அடியில் பிடித்தாள்.

குதிகாலிலிருந்து விரல் நுனி வரைக்கும் நீலப் புள்ளிகள். எண்ணினார். பத்து. ஒன்றுக்குக்கூட அவர் ‘ம்’ சொல்லியிருக்கவில்லை.

மறுபடியும் எண்ணினார். வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“இது என்னோட நல்ல காலும்மா,” என்றார்.