இசக்கிதுரையின் ஆறு பார்ட்னர்கள்

படிவத்தில் பேர் எழுத இரண்டு கோடு இருந்தது. மேல்கோட்டில் இசக்கிதுரை தன் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டான். கீழ்க்கோடு காலி. மாவட்ட ஷட்டில் போட்டிக்குப் பேர் கொடுக்க அன்று சாயங்காலம் ஐந்து மணியோடு சரி. மணி நாலு அடித்துவிட்டது.

இரட்டையர் ஆட்டம் என்றால் இரண்டு பேர் வேண்டும். இதில் யாரும் தகராறு பண்ண முடியாது. இசக்கிதுரை பண்ணிப் பார்த்தான். போட்டி நடத்துகிறவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

அவனுக்கு வயது இருபத்தைந்து. எந்தப் பிரிவிலானாலும் காலிறுதி ஆடினதாக ஒரு சான்றிதழ் இருந்தால், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசாங்க வேலைக்கு மனுப் போடலாம். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். ஐந்து வருஷமாக ஆடுகிறான். ஆறு பார்ட்னர் மாறிவிட்டார்கள். ஒரு தடவைகூட முதல் சுற்றைத் தாண்டியதில்லை. இது அவனுக்குத் தெரியும். அவன் வாய்க்குத் தெரியாது.

பாளையங்கோட்டையில் பழைய பஞ்சுக் குடோன் ஒன்றுக்குத் தரை போட்டு, வலை கட்டி, கிளப் ஆக்கியிருந்தார்கள். சுவரோரம் ஒரு பெஞ்சு. அதில் மீரான் பாய் உட்கார்ந்து ராக்கெட் பிடிக்கு கிரிப் சுற்றிக்கொண்டிருந்தார். சமாதானபுரத்தில் புரோட்டாக் கடை வைத்திருக்கிறவர். இடது கைக்காரர். மாவு பிசைந்தே மணிக்கட்டு இரும்பாகிவிட்டது. அதிகம் பேச மாட்டார். அவருடைய பார்ட்னர் போன வாரம்தான் கத்தாருக்குப் போயிருந்தார். அதனால் மீரான் பாய் காலி. ஊரிலேயே காலியாக இருந்த ஒரே நல்ல ஆட்டக்காரர்.

பெஞ்சின் அந்தப் பக்கம் கிளப் செயலாளர் சவரிமுத்து அண்ணாச்சி. மடியில் படிவக் கட்டு.

இசக்கிதுரை நேராகவே கேட்டிருக்கலாம். பாய், என்கூட ஆடுறீங்களா. மூன்றே வார்த்தை. வேலை முடிந்திருக்கும். அவன் சாத்தூரிலிருந்து ஆரம்பித்தான்.

சாத்தூரில் மேட்ச் பாயிண்டாம். எம்பி ஒரு ஸ்மாஷ் விட்டானாம். ஷட்டில் எதிராளியின் காலடியில் சிமெண்டுத் தரையைப் பொத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. எடுக்கலாம் என்று தோண்டினார்கள். பத்தடி, முப்பதடி, ஐம்பதடி. தொண்ணூறாவது அடியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் அடிபம்பு நிற்கிறது. நாலு தெருவுக்கு அதுதான் குடிதண்ணீர். அடிக்கும்போது ஒன்றிரண்டு இறகு வரும். வடிகட்டிக் குடிக்கிறார்கள்.

சவரிமுத்து அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த நேரத்துல உன் பார்ட்னர் எங்கடே இருந்தான்?"

லேஸ் கட்டிக்கொண்டிருந்தான் என்றான் இசக்கிதுரை. குனிந்தவன் நிமிர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

"தொண்ணூறு அடி தோண்டி முடிக்குற வரைக்குமா கட்டுனான்?"

"நீளமான லேஸ் அண்ணாச்சி."

மீரான் பாய் தலை நிமிரவில்லை. கிரிப்பை ஒரு சுற்று அவிழ்த்து மறுபடி இறுக்கினார். விட்ட புளுகு பத்தவில்லை என்று இசக்கிதுரைக்குப் பட்டது. கூட்டினான்.

அம்பாசமுத்திரத்தில் முதல் பாயிண்டுக்கு சர்வீஸ் போட்டது தை மாசம். அவன் எல்லாவற்றையும் எடுத்தான். எதிராளிகளும் எல்லாவற்றையும் எடுத்தார்கள். ஷட்டில் கீழே விழவே இல்லை. மாசியும் பங்குனியும் போயின. எதிராளிகளின் வீட்டுக்காரிகள் கோர்ட்டுக்குள் வந்து தயிர்சோறு உருட்டி வாயில் வைத்தார்கள். வைகாசியில் நடுவருக்கு வயது முடிந்து ஓய்வு. கோர்ட்டு ஓரத்திலேயே மாலை போட்டு, மைக் கட்டி, நாலு பேர் பேசி அனுப்பி வைத்தார்கள். புது நடுவர் வந்து கையெழுத்துப் போட்டுப் பொறுப்பு எடுத்துக்கொண்டார். முதல் வேலையாக ஸ்கோர் பார்த்தார். பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

"பார்ட்னர்?" என்றார் அண்ணாச்சி.

பார்ட்னர் இடையில் வெளியே போய்விட்டான். பெண் பார்த்தான், பூ வைத்தான், கல்யாணம் முடித்தான். ஆடிக்கு மாமியார் வீட்டில் விருந்து சாப்பிட்டு, பதினைந்து கிலோ ஏறித் திரும்பி வந்தான். சட்டை பத்தவில்லை. புதுச் சட்டை தைத்துக்கொண்டு வருகிறேன் என்று மறுபடி போனான்.

"கல்யாணத்துக்கு நீ போகலியாக்கும்."

"போகாம இருப்பனா? ஒரு லாப் தூக்கி விட்டுட்டுப் போனேன். அது எறங்குறதுக்குள்ள பந்தியில ஒக்காந்து பாயசம் வரைக்கும் சாப்ட்டு வந்துட்டேன்."

அவ்வளவு உயரத்துக்கா தூக்குவாய் என்று அண்ணாச்சி கேட்டுத் தொலைத்தார். கேட்டிருக்கக் கூடாது.

இதெல்லாம் ஒரு உயரமா என்றான் இசக்கிதுரை. நாங்குநேரியில் திறந்தவெளிக் கோர்ட்டு. அவன் தூக்கின ஷட்டில் போனது போனதுதான். இறங்கவில்லை. ஷட்டிலில் இருப்பது வாத்து இறகு. மேலே கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம் ஒன்று அதைப் பார்த்தது. நம்ம ஆள் ஒருத்தன் தனியாகப் பறக்கிறானே என்று சேர்த்துக்கொண்டது. குளத்தில் நாலு மாசம் மற்ற பறவைகளோடு இருந்தது. வெயில் ஏறினதும் கூட்டத்தோடு இமயமலையைத் தாண்டிப் போனது. இங்கே ஆட்டத்தை முடிக்க முடியவில்லை. ஷட்டில் தரையில் விழாமல் யாருக்குப் பாயிண்ட் கொடுப்பது?

அடுத்த வருஷம் கார்த்திகையில் திரும்பி வந்தது. தனியாக வரவில்லை. பின்னாலேயே மூன்று குட்டி ஷட்டில். இறகுகூட சரியாக விரியாத குஞ்சுகள். தாய் ஷட்டில் நேராக வந்து பின்கோட்டின் மேல் உட்கார்ந்தது. கோட்டு நடுவர் குனிந்து பார்த்தார், உள்ளே என்றார். குஞ்சுகள் மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டு வளர்த்து, பெரிதானதும் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

சவரிமுத்து அண்ணாச்சி படிவக் கட்டை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். இந்தத் தடவை அவர் கேட்கவே இல்லை. இசக்கிதுரையே சொன்னான். பார்ட்னர் ஒரு வருஷம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றானாம். கழுத்து அப்படியே பிடித்துக்கொண்டது. இப்போது ஏதோ ஒரு விமான நிலையத்தில் வேலை. மேலே என்ன போகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மணி நாலே முக்கால்.

மீரான் பாய் கிரிப் சுற்றி முடித்தார். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இந்த அஞ்சு வருசத்துல ஒன் பார்ட்னர் யாராவது ஒரு அடி அடிச்சிருக்கானா?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அடித்ததெல்லாம் அந்த ஆறு பேர்தான். இவன் பாதிக் கோர்ட்டு ஓடுவதற்கே மூச்சு வாங்கி நிற்பான். வலைப் பக்கம் வருவதை மட்டும் தொட்டுவிட்டு, மிச்சத்துக்கு அவர்களை ஓடவிடுவான். ஓடி ஓடிக் கால் வீங்கித்தான் ஒவ்வொருத்தனாகப் போனான். இதைச் சொன்னால் பாய்க்கு இரக்கம் வந்தாலும் வரும். சொல்லிவிடலாம் என்றுதான் இசக்கிதுரை வாயைத் திறந்தான்.

"தேவைப்படல பாய்."

மீரான் பாய் தலையாட்டினார். இசக்கிதுரையின் படிவத்தை வாங்கி, அண்ணாச்சியின் பையிலிருந்த பேனாவை எடுத்தார். இசக்கிதுரை கீழ்க்கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பேனா அந்தக் கோட்டுக்கு வரவில்லை. இசக்கிதுரையின் பேரையே குறுக்கே அடித்தது.

"அண்ணாச்சி, இவ்வளவு பெரிய ஆட்டக்காரனுக்கு ஒருத்தனத் துணைக்குப் போட்டா எடைஞ்சல். சிங்கிள்ஸ்ல எழுதுங்க."

சொல்லிவிட்டு, வேறொரு படிவத்தில் தன் பேரை எழுதி, அதன் கீழ்க்கோட்டில் சவரிமுத்து என்று எழுதினார். அண்ணாச்சிக்கு ஐம்பத்தெட்டு வயது. இடுப்பில் எப்போதும் பெல்ட். அவருக்கு வாயெல்லாம் பல்.

சிங்கிள்ஸ் என்றால் முழுக் கோர்ட்டும் ஒருத்தனே ஓட வேண்டும். இசக்கிதுரைக்குப் பாதிக் கோர்ட்டே அதிகம். ஆனால் தேவைப்படல என்று சொன்ன வாய் அவனுடையது. சிங்கிள்ஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டான்.

போட்டி அன்றைக்குப் பார்த்தால், எல்லாப் பயல்களும் டபிள்ஸில் போய்க் குவிந்திருந்தார்கள். சிங்கிள்ஸுக்கு மொத்தம் ஏழே பேர். ஏழு பேருக்கு முதல் ஆட்டமே காலிறுதி. இசக்கிதுரை ஷூவை மாட்டிக்கொண்டு நேராகக் காலிறுதிக்குள் இறங்கினான். எதிரே தென்காசியிலிருந்து வந்த ஒரு ஒல்லிப் பையன். பதினோரு நிமிஷம் ஆனது. அதில் இரண்டு நிமிஷம் இசக்கிதுரை தண்ணீர் குடித்தது. அவனுக்கு விழுந்த ஏழு பாயிண்டும் அந்தப் பையன் வலையில் அடித்தது. கோர்ட்டை விட்டு வெளியே வந்ததும் முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்தார்கள். காலிறுதி ஆட்டக்காரர் என்று போட்டிருந்தது.

டபிள்ஸில் அண்ணாச்சிக்கு இடுப்புப் பிடித்து, அவரும் மீரான் பாயும் இரண்டாம் சுற்றோடு திரும்பிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு சான்றிதழும் இல்லை. இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இசக்கிதுரை காகிதத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றான்.

ஸ்கோர் என்ன என்று அண்ணாச்சி கேட்டார். இருபத்தொன்றுக்கு நாலு, இருபத்தொன்றுக்கு மூன்று என்று இசக்கிதுரை சொன்னான். அண்ணாச்சிக்கு டீ புரையேறியது. அவன் வாயிலிருந்து சரியான எண் ஒன்று வந்து அவர் கேட்டதே இல்லை. கொஞ்சம் இரக்கம்கூட வந்துவிட்டது.

"ஏன்டே அப்படி ஆயிட்டு?"

"பார்ட்னர் சரியில்ல அண்ணாச்சி."

"சிங்கிள்ஸ்ல ஏதுடே பார்ட்னர்?"

இசக்கிதுரை மீரான் பாயைத் தாடையால் காட்டினான்.

"இந்தா ஒக்காந்திருக்காரே. கடைசிப் பாயிண்ட் வரைக்கும் கோர்ட்டுக்குள்ள காலே வைக்கல."