பனித்தண்ணீர்ச் சோதனை

"மேடம், இந்தப் பசங்களை வச்சு ஆராய்ச்சி பண்ண முடியாது. எல்லாம் பயந்தாங்கொள்ளிங்க."

சொன்னவர் டாக்டர் அருமைநாயகம். பட்டாளத்தில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்தவர். அவருடைய வழிகாட்டி பேராசிரியர் குந்தவி, அவரைவிட வயதில் மிகவும் இளையவர். இந்தக் கதையில் நரை சீடருக்குத்தான். முன்கோபமும் அவருக்குத்தான்.

பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் கையை வைத்தால் ரத்த அழுத்தம் எப்படி எகிறுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஆனால் வந்த மாணவர்களில் பாதிப் பேருக்குத் தண்ணீரைத் தொடும் முன்பே எகிறிவிட்டது. அவர்களை எல்லாம் நீக்க அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை நாள் உழைப்பும் பாழ் என்று குதித்தார்.

குந்தவி, மாணவர்களின் ரத்த அழுத்தக் கோடுகள் பதிந்த தாள்களை வாங்கிப் பார்த்தார். பிறகு அவரைச் சோதனை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அழுத்தத்தை அளந்து தாளில் கோடாக வரையும் இயந்திரத்தின் உறையை அவர் விரலில் மாட்டினார். பக்கத்தில் பனித்தண்ணீர்ப் பாத்திரம் இருந்தது.

"காலையில ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே போனாளே. அவகிட்ட என்ன சொன்னீங்க?"

அவ்வளவுதான்.

"என்ன சொல்லிட்டேன்? இன்னும் கையே வைக்கல, அதுக்குள்ள நடுங்குறா. கையை எடுத்தா உன் பேரை நோட்டீஸ் போர்டுல போடுவேன்னு சொன்னேன். எல்லார்கிட்டயும்தான் சொல்றேன்."

தானாக முன்வந்து கை கொடுக்க வந்த பெண் அவள். கதை சொல்கிற எனக்கே ஆத்திரமாக வருகிறது.

அவர் நிறுத்தவில்லை. என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்களா, வயதுக்காவது மரியாதை வேண்டாமா என்று கத்தித் தீர்த்தார்.

குந்தவி இயந்திரத்திலிருந்து வந்த தாளைக் கிழித்து, மற்றவற்றோடு கலந்து நீட்டினார்.

"இதுல எது சரியா வந்திருக்கு?"

டாக்டர் மூச்சு வாங்கப் புரட்டினார். ஒன்றை உருவினார். முகம் மலர்ந்தது.

"இதுதான் மேடம். பனித்தண்ணியில கையை விட்டதும் விர்ருனு ஏறியிருக்கு பாருங்க. கடைசி வரைக்கும் எடுக்கவே இல்ல. இவன் ஆம்பளை."

குந்தவி ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

"கையைத் துடைச்சுக்குங்க, டாக்டர்."

வாங்கித் துடைக்கப் போனார்.

கை காய்ந்திருந்தது.