கம்பானின் வாணம்

முதலில் தப்புச் செய்தவன் வீலாய்தான். யாரிடம் பேச ஆரம்பித்தாலும் கம்பான் இதைத்தான் முதலில் சொல்வார். எருமை காணவில்லை என்று விசாரிக்க வந்தவன்கூட இதைக் கேட்டு முடித்த பிறகுதான் எருமைக்கு வரமுடியும்.

கம்பானின் ஊர் லாவோஸ் நாட்டில், மேகோங் ஆற்றங்கரையில் இருந்தது. அந்த நாட்டுக்குக் கடல் கிடையாது. மலையும் காடும் ஆறும் நெல்லும்தான். ஒரு காலத்தில் கிழக்கே மலைப்பக்கம் வானத்திலிருந்து வருஷக்கணக்காகக் குண்டு விழுந்தது. வெடிக்காமல் போனவை இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. அப்படியிருந்தும் அந்த ஜனங்கள் வானத்தின்மேல் கோபப்படவில்லை. மழைக்காலம் தொடங்கும்முன் மூங்கிலுக்குள் மருந்து இடித்து அடைத்துப் பெரிய பெரிய வாணங்கள் செய்கிறார்கள். அவற்றை மேலே விட்டு, மழையை அனுப்பச் சொல்லித் தெய்வத்துக்கு ஞாபகப்படுத்துகிறார்கள்.

வாணம் உயரப் போனால், செய்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். போகாமல் புஸ்ஸென்று அடங்கினால், செய்தவனைச் சேற்றில் போட்டுப் புரட்டுவார்கள்.

கம்பானின் வாணம் உயரப் போனது. கம்பானைச் சேற்றில் போட்டார்கள்.

அன்றைக்கு அவருடைய வாணத்தையும் வீலாயின் வாணத்தையும் பக்கத்துப் பக்கத்துச் சாரங்களில் ஏற்றி ஒரே நேரத்தில் கொளுத்தினார்கள். மைதானம் முழுக்கப் புகை. புகை கலைந்தபோது ஒரு வாணம் மேகத்துக்குள் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தது. மற்றது சாரத்தடியில் பிளந்து கிடந்தது. "மேலே போறது என்னுது" என்று வீலாய் முந்திக்கொண்டு கத்தினான். முந்திக் கத்தியவனைத் தோளில் ஏற்றினார்கள். மிச்சம் இருந்தவர் கம்பான்.

சேற்றிலிருந்து எழுந்ததும் அவர் ஒவ்வொருவரிடமாகப் போய் நியாயம் கேட்டார். எல்லாரும் சிரித்தபடி ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"போ பென் ஞாங்."

பரவாயில்லை, விடு என்று அர்த்தம். அந்த நாட்டில் பஸ் வராவிட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். படகு கவிழ்ந்தாலும் இதுதான். விருந்துக்கு வைத்திருந்த கோழியை நாய் தூக்கிப் போனாலும் இதுதான். மற்றவர்களுக்கு அதைச் சொன்னால் மனசு லேசாகும். கம்பானுக்கு அதைக் கேட்டால் பல் நறநறக்கும்.

வருஷங்கள் போயின. வீலாய் படுக்கையில் விழுந்தான்.

மனித உடம்புக்குள் முப்பத்திரண்டு உயிர்கள் இருப்பதாக அந்த ஊரில் நம்பிக்கை. பயத்திலோ துக்கத்திலோ ஏதாவது ஒன்று வெளியே போய் வழி தவறிவிடும். உடனே ஆள் படுத்துவிடுவான். போன உயிரைப் பாட்டுப் பாடி அழைத்து, மணிக்கட்டில் வெள்ளை நூலால் கட்டிவைக்க வேண்டும். அந்தப் பாட்டு தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான். வேறு படிப்பு இல்லாத கம்பான்.

வீலாயின் மனைவி மாலி வந்து அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள், கஞ்சிகூட இறங்கவில்லை என்றாள். கம்பான் பின்வாசல் வழியாக மடத்துக்குப் போனார்.

மடத்துத் தலைவர் பொன்சாய் கம்பானைவிட மிகவும் இளையவர். ஊரார் துறவிகளைச் சாது என்று கூப்பிடுவார்கள். கம்பான் இந்தச் சாதுவைக் குருவாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வாணத்தைப் பற்றிச் சொன்னபோது 'போ பென் ஞாங்' என்று சொல்லாத ஒரே மனிதர் அவர்தான்.

குரு அப்போதுதான் பிச்சைப் பாத்திரத்தில் ஒட்டரிசிச் சோற்றுடன் ஊரைச் சுற்றித் திரும்பியிருந்தார்.

"சாது, ஒரு கேள்வி."

"வாணத்தைப் பத்தியா?"

"இல்ல. தர்மத்தைப் பத்தி."

"கேளுங்க."

"ஒருத்தனோட வாணத்தை இன்னொருத்தன் தன்னுதுன்னு சொல்லிட்டா..."

குரு கண்ணை மூடிக்கொண்டார். 

"மாலி உங்ககிட்ட வந்தாங்களா?" என்றார்.

"வந்தா. அவ புருஷனோட உயிரை நான் கூப்பிடணுமாம். கூப்பிடறேன். யார் மாட்டேன்னு சொன்னா? அதுக்கு முன்னாடி அவன் வாயால ஒரு வார்த்தை வரட்டும். 'கம்பான் அண்ணே, அது உங்க வாணம்தான்.' அவ்வளவுதான் நான் கேக்கறது."

"அவருக்கு இப்போ பேச்சே வரல."

"அன்னிக்கு நல்லா வந்துச்சே."

குரு பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"அது உங்க வாணம்தான்."

"என்ன சொன்னீங்க?"

"நான் அப்போ குட்டிச் சாமியார். மடத்துப் புளியமரத்து மேல இருந்தேன். புகைக்கு மேல எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுது. உங்க சாரத்துலேர்ந்துதான் போச்சு."

கம்பான் இன்னும் கிட்டே நகர்ந்தார்.

"ஏன் சொல்லல?"

"இறங்கி வந்து சொன்னேனே. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா நீங்க ஏற்கெனவே சேத்துக்குள்ள இருந்தீங்க. சாப்பாடு வேற ஆறிக்கிட்டிருந்துச்சு."

இத்தனை வருஷம் எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாரோ அந்தச் சொல் வந்துவிட்டது. கம்பான் அதை வாயில் போட்டு மென்று பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார். அதில் ருசியே இல்லை.

"நீங்க சொல்லி என்ன ஆகப்போகுது? அவன் சொல்லணும்" என்றார்.

"சரி" என்று குரு எழுந்தார். உள்ளே போய் ஒரு கற்றை வெள்ளை நூலை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"எங்க போறீங்க?"

"வீலாய் வீட்டுக்கு. உயிரைக் கூப்பிட."

"துறவிக்கு ஏது அந்த வேலை?"

"இல்லதான். வேற ஆள் இருந்தா சொல்லுங்க."

குரு நடந்தபடியே உரத்த குரலில் பாட ஆரம்பித்தார். "வா உயிரே வா, வியந்தியான் சந்தையிலிருந்து வா..."

கம்பான் பின்னாலேயே ஓடினார். "சந்தையா? உயிர் என்ன மிளகாய் வாங்கவா போயிருக்கு? காட்டுலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"காட்டிலிருந்து வா, பஸ் பிடித்துச் சீக்கிரம் வா..."

"சாது."

"பஸ் கிடைக்காவிட்டால் போ பென் ஞாங், நடந்தே வா..."

"நிறுத்துங்க" என்றார் கம்பான். நூலைக் குருவின் தோளிலிருந்து இழுத்துக்கொண்டார். "இந்தப் பாட்டைக் கேட்டா உள்ள இருக்கிற உயிரும் ஓடிடும்."

எதிரே, மரத்தூண்கள்மேல் உயர்ந்து நின்ற வீலாயின் வீட்டு ஏணி இருந்தது. மேலேயிருந்து மாலி பார்த்துவிட்டாள். கம்பானால் திரும்பிப் போகமுடியவில்லை. குரு திரும்பிப் போய்விட்டார்.

வாழையிலையைக் கூம்பாகச் சுருட்டி, சாமந்திப்பூ செருகி, நடுவில் வைத்தார்கள். பக்கத்தில் அவித்த முட்டையும் ஒட்டரிசிச் சோறும் வைத்தார்கள். வீலாய் பாயில் காய்ந்த இலைபோலக் கிடந்தான். உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் முழங்கையை ஒருவர் தொட்டுக்கொண்டார்கள். கம்பான் பாடினார். அந்தக் குரல் அவருக்குக் கோபத்திலும் பிசகாது.

"காட்டில் மான் பின்னால் போயிருந்தால், வா. ஆற்றில் மீனோடு விளையாடப் போயிருந்தால், கரையேறி வா. மலைக்கு அப்பால் குண்டுக்குழியில் பயந்து ஒளிந்திருந்தால், விமானம் போய்விட்டது, எழுந்து வா."

அடுத்த வரி வாண மைதானம். அந்த ஊரில் யாருக்குப் பாடினாலும் அந்த இடத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. கம்பான் அதை மட்டும் தாண்டி, களத்துமேட்டு வரிக்குப் போனார். ஒரு உயிர் அங்கேயே கிடக்கட்டும் என்று நினைத்தார். யாருக்கும் புரியவில்லை. மாலிக்கு மட்டும் புரிந்தது. அவள் அவரையே பார்த்தாள்.

களத்துமேட்டு வரி பாதியில் நின்றது.  கம்பான் விட்ட வரிக்கே திரும்பினார். ஓடிப்போன எருமையைக் கூப்பிடுகிற எரிச்சலோடு கத்தினார்.

"வாண மைதானத்தில் நின்றுகொண்டிருந்தால், அங்கே உனக்கு என்ன வேலை? வீட்டுக்கு வா."

பிறகு நூலை எடுத்து வீலாயின் மணிக்கட்டில் சுற்றினார். நூல் கட்டும்போது கட்டுகிறவர் வாயில் நல்ல வார்த்தைதான் வரவேண்டும். எது சொல்கிறாரோ அது முடிச்சுக்குள் போய்விடும். முடிச்சு பாதி விழுந்தபோது வீலாய் கண்ணைத் திறந்தான். உதடு அசைந்தது. கம்பான் குனிந்து காதைக் கொடுத்தார்.

"கம்பான் அண்ணே... அந்த வாணம்..."

"சொல்லு."

"போ பென் ஞாங்."

உச்சிவேளைக்கு முன் கம்பான் மடத்துக்கு வந்தார். குரு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கம்பான் எதிரே தொப்பென்று உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னார்.

"அவன் என்னை மன்னிச்சுட்டான், சாது. அவன், என்னை."

குருவுக்குச் சோறு தொண்டையில் சிக்கியது. தண்ணீர் குடித்துச் சமாளித்தார்.

"கஞ்சி குடிச்சாரா?"

"குடிச்சான். இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு பொண்டாட்டியை அதட்டறான். அதுக்கெல்லாம் பேச்சு வருது. அந்த ஒரு வார்த்தை மட்டும் வரல."

"அவர் போ பென் ஞாங்னு சொன்னதும் நீங்க என்ன சொன்னீங்க?"

"நூல் என் கையில இருக்கு. முடிச்சு பாதியில நிக்குது. ஊரே பார்த்துக்கிட்டிருக்கு. அந்த நேரத்துல மனசுல இருக்கறதையா சொல்ல முடியும்?"

"என்ன சொன்னீங்க?"

கம்பான் முகத்தை ஆற்றுப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நூறு வயசு இருடான்னு சொல்லித் தொலைச்சேன்."

"நல்லது" என்றார் குரு. "அப்போ அவருக்கு இன்னும் நிறைய நாள் இருக்கு, சொல்றதுக்கு."